அரங்கு எங்கே சிரிக்கிறது, எங்கே அடங்குகிறது? – ஹட்சன் தியேட்டரில் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' (2022 இறுதியில் நடந்த இணைய உரையாடல்)

மேடைநேசன்:

நியூயார்க் 44ஆவது தெரு ஹட்சன் தியேட்டரில் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' ஓடிக்கொண்டிருக்கிறது. 2023 ஜனவரி நடுவில் முடித்துவிடுவார்கள். பார்த்தவர்கள் இருந்தால் பேசலாம் என்றுதான் இந்த இழை. நடிப்பைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதிவிட்டன. எனக்குப் பேச வேண்டியது கூட்டத்தைப் பற்றி.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்தர் மில்லர் எழுதி 1949இல் மேடையேறிய நாடகம். வில்லி லோமன், வயது 63, ஊர் ஊராகச் சென்று சரக்கு விற்பவன். இந்தத் தயாரிப்பில் வில்லியாக வெண்டெல் பியர்ஸ், மனைவி லிண்டாவாக ஷாரன் டி. கிளார்க். லோமன் குடும்பம் முழுவதும் கறுப்பினத்தவர். பக்கத்து வீட்டு சார்லி, அவர் மகன் பெர்னார்ட், முதலாளி ஹோவர்ட் எல்லோரும் வெள்ளையர். பிராட்வேயில், அதாவது நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளில், கறுப்பின நடிகர் ஒருவர் வில்லியாக வருவது இதுவே முதல் தடவை. லண்டன் யங் விக் அரங்கில் 2019இல் மேரியான் எலியட்டும் மிராண்டா கிராம்வெல்லும் சேர்ந்து இயக்கிய தயாரிப்பு இது; இங்கே கிராம்வெல் மட்டும்.

முதல் அங்கத்தில் வில்லி தன் பிள்ளைகளிடம் பெருமையடிக்கும் இடம் ஒன்று உண்டு. நியூ இங்கிலாந்தில் (அவன் விற்கப் போகும் வடகிழக்கு மாநிலங்கள்) எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நான் காரை நிறுத்தலாம், போலீஸ்காரர்கள் அதைத் தங்கள் சொந்தக் கார் போலப் பார்த்துக்கொள்வார்கள் என்பான். நான் போன இரவு என் வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பி, பாதியிலேயே அறுந்துவிட்டது. சிரித்தவர்களுக்கே தாங்கள் எதற்குச் சிரிக்கிறோம் என்று உறைத்திருக்க வேண்டும். கறுப்பினத் தகப்பன் ஒருவன், இன்னும் சில வருடங்களில் தனியாகக் கார் ஓட்டப்போகிற இரண்டு பையன்களிடம் இதைச் சொல்கிறான்! அவன் பொய் சொல்கிறான் என்பது நமக்குத் தெரியும், லிண்டாவுக்கும் தெரியும். எதற்காகச் சொல்கிறான் என்பதும் தெரியும்.

இரண்டாவது, ஹோவர்ட் காட்சி. 36 வயது முதலாளி புதிதாக வாங்கிய ரெக்கார்டரைப் போட்டு, மகள் விசிலடிப்பதையும் மகன் மாநிலத் தலைநகரங்களை ஒப்பிப்பதையும் கேட்கவைக்கிறான். வில்லி ஊர் சுற்றாத உள்ளூர் வேலை ஒன்றும் வாரம் 65 டாலரும் கேட்கிறான், அப்புறம் 50, அப்புறம் 40. கடைசியில் இருந்த வேலையும் போகிறது. நடுவில் ஹோவர்ட் தன் லைட்டரைத் தேடுகிறான். வில்லி எடுத்துக் கொடுக்கிறான். பிறகு ஹோவர்ட், தனக்குப் பெயர் வைத்தபோது உடனிருந்த மனுஷனைப் பார்த்து 'கிட்' (பொடியன்) என்கிறான். இதெல்லாம் மில்லர் 1949இலேயே எழுதியவை. ஆனால் வெள்ளைக்கார இளைஞன் ஒருவன் வயதான கறுப்பின ஊழியரைப் பார்த்து அப்படிச் சொன்னதும் எனக்கு முன்னால் இருந்த அம்மா ஒருவர் வாய்விட்டு "ம்ஹும்" என்றார். பின்வரிசைகளில் இருந்தும் அதே ஒலி வந்தது.

என் கட்சி இதுதான்: இயக்குநர் நாடகத்தின்மேல் எதையும் ஒட்டவைக்கவில்லை. எல்லோருக்கும் தன்னைப் பிடிக்க வேண்டும் என்ற வில்லியின் தவிப்பு, முன்பெல்லாம் ஒரு அசட்டுத்தனமாகத் தெரிந்தது. இப்போது அது உயிரைக் காத்துக்கொள்ளும் வழியாகக் கேட்கிறது. கூட்டம் அதைக் கேட்டுக்கொள்கிறது. உங்களுக்கு எப்படி இருந்தது?

பழையபெஞ்சு:

தம்பி, நானும் பார்த்தேன். பியர்ஸ் பெரிய நடிகர், அதில் பேச்சில்லை. ஆனால் நீங்கள் லாபம் என்று சொல்வதைத்தான் நான் நஷ்டம் என்கிறேன்.

1999இல் பிரையன் டெனஹி செய்ததைப் பார்த்திருக்கிறேன். ராபர்ட் ஃபால்ஸ் இயக்கம், சிகாகோ குட்மன் தியேட்டரில் இருந்து வந்தது. முதல் தயாரிப்பு தொடங்கி சரியாக 50 வருடம் ஆன அதே பிப்ரவரி 10 அன்று பிராட்வேயில் திறந்தார்கள். டெனஹி ஆறடிக்கு மேல் வளர்ந்த ஆள், மலை மாதிரி உடம்பு. அந்த உடம்பு மேடையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் பக்கத்தில் கோட்டு சூட்டு போட்ட ஒருவர், அலுவலகத்திலிருந்து நேராக வந்திருப்பார் போல, கடைசி அரைமணி நேரம் முகத்திலிருந்து கையை எடுக்கவே இல்லை.

அந்த வில்லிக்கு வெளியே எதிரி கிடையாது. வெள்ளையன். வீடு இருக்கிறது, கார் இருக்கிறது, கடைசித் தவணையும் கட்டி முடியப்போகிறது. நாடு யாருக்கு வாக்குக் கொடுத்ததோ அந்த ஆளே அவன்தான். அப்படியிருந்தும் விழுந்தான். அதைப் பார்த்து பயப்படாமல் யாராலும் இருக்க முடியவில்லை. இப்போது ஹட்சனில் கூட்டத்துக்கு ஒரு காரணம் கையில் கிடைக்கிறது: நிறவெறி. அந்த "ம்ஹும்" என்ற சத்தத்தை நானும் கேட்டேன். ஹோவர்டை அடையாளம் கண்டுகொண்ட சத்தம் அது. தன்னைக் கண்டுகொண்ட சத்தம் இல்லை. காரணம் தெரிந்துவிட்டால் பார்க்கிறவனுக்கு ஒரு நிம்மதி வந்துவிடும். மில்லர் அந்த நிம்மதியைக் கொடுக்க எழுதவில்லை.

தேம்ஸ்கரை:

லண்டனில் முதலில் யங் விக், பிறகு பிக்கடில்லி தியேட்டர், இரண்டிலும் இதைப் பார்த்தவள் நான். (பிக்கடில்லியில் 2019 நவம்பரில் நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே மேற்கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. பியர்ஸ் தெருவுக்கு வந்து, வெளியே நின்ற கூட்டத்திடம் பேசினார். அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை கூடிய நாள் அது.)

பழையபெஞ்சு ஐயா, நீங்கள் சொல்வது ஹோவர்ட் காட்சிக்கு ஓரளவு பொருந்தும். சார்லி காட்சிக்குப் பொருந்தாது.

சார்லி வாராவாரம் 50 டாலர் கடன் கொடுக்கிறார். வேலையும் தருகிறேன் என்கிறார். வில்லி பணத்தை வாங்கிக்கொள்வான், வேலையை வாங்கமாட்டான். ஏன் என்று கேட்டால், உன்னிடம் என்னால் வேலை செய்ய முடியாது, அவ்வளவுதான் என்பான். நாடகத்தைப் படித்த காலத்தில் இருந்தே எனக்கு அந்த இடம் இடித்துக்கொண்டே இருந்தது. பொறாமை என்று சொல்லிப் பார்த்தேன், வறட்டுக் கௌரவம் என்று சொல்லிப் பார்த்தேன், திருப்தி வரவில்லை. லண்டனில் அந்தக் காட்சியில் ஒரு வெள்ளைக்காரர் உண்மையான அன்போடுதான் பணத்தை எண்ணி வைக்கிறார். வில்லி அதை எடுக்கும்போது அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. சார்லி நல்லவர், அதுதான் சிக்கல். கெட்டவனாக இருந்தால் வாங்குவது சுலபம். அரங்கில் ஒரு சத்தமும் இல்லை. இருமல்கூட இல்லை.

அந்த அமைதியில் 'நிறவெறி' என்று பெயர் சொல்லி நிம்மதியடைய எதுவும் கிடையாது. யாரையும் குற்றம் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தோம்.

பாஸ்டன் ஹோட்டல் காட்சியும் அப்படியே. அறையில் வில்லியோடு இருக்கும் கள்ளக்காதலி வெள்ளைக்காரி. கதவு தட்டப்படுகிறது. மகன் பிஃப் வந்திருக்கிறான் என்பது பார்க்கிற பாதிப்பேருக்குத் தெரியும். இருந்தும் கதவுக்கு அந்தப் பக்கம் வேறு யார் வேண்டுமானாலும் இருக்கலாம் என்ற பயம் அரங்கில் பரவியது. அந்தக் காலத்து அமெரிக்காவில், அந்த அறையில், ஒரு கறுப்பின ஆள். குடும்பம் உடைவதற்கு முன்னால் உயிரே போகலாம்.

இலக்கியமாணவி:

நான் மேடையில் பார்த்ததே இல்லை. எம்.ஏ.வில் பாடமாகப் படித்தேன். டஸ்டின் ஹாஃப்மன் நடித்த 1985 தொலைக்காட்சிப் படம் மட்டும் பார்த்திருக்கிறேன். முதன்முதலில் 1949இல் மேடையேறியபோது கூட்டம் எப்படி இருந்தது? யாராவது சொல்லுங்களேன்.

மேடைநேசன்:

சொல்கிறேன் தங்கச்சி. நியூயார்க்குக்கு வருவதற்கு முன்னால் ஃபிலடெல்ஃபியாவில் போட்டார்கள். எலியா கசான் இயக்கம், லீ ஜே. காப் வில்லி. முதல் காட்சி முடிந்து திரை விழுந்ததும் கைதட்டலே இல்லையாம். சிலர் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு, மறுபடி உட்கார்ந்துவிட்டார்களாம். ஆண்கள் முகத்தை மூடிக்கொண்டு குனிந்திருந்தார்கள், சிலர் வெளிப்படையாக அழுதார்கள். யாருக்கோ கைதட்ட வேண்டும் என்று நினைவு வர வெகுநேரம் ஆயிற்று. அதன்பிறகு கைதட்டல் நிற்கவில்லை. மில்லர் தன் சுயசரிதையான 'டைம்பெண்ட்ஸ்' நூலில் இதை எழுதியிருக்கிறார்.

கூட்டத்தில் பெர்னார்ட் கிம்பெல் இருந்தார், பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் குடும்பத்தின் தலைவர். வயதாகிவிட்டது என்பதற்காக என் கடைகளில் யாரையும் வேலையைவிட்டு எடுக்கக்கூடாது என்று அன்றிரவே உத்தரவு போட்டாராம். இன்னொரு சம்பவமும் மில்லர் சொல்வதுதான். நாடகம் பார்த்துவிட்டு வெளியே வந்த ஒரு ஆள், அந்த நியூ இங்கிலாந்து பக்கம் எப்பவுமே உருப்படாது என்று சொல்லிக்கொண்டு போனாராம்.

எனக்கு இந்த இரண்டாவது ஆள்மேல் பெரிய பாசம் உண்டு. அவரும் விற்பனையாளராகத்தான் இருந்திருப்பார். அவர் பார்த்தது கலை இல்லை, தன் ரூட்.

நியூயார்க்கில் மொரோஸ்கோ தியேட்டரில் 742 காட்சிகள் ஓடியது. புலிட்சர், டோனி விருதுகள் இரண்டும் கிடைத்தன.

ஜெர்சிக்காரன்:

இவ்வளவு நாள் படிக்க மட்டும் செய்தவன், இன்றைக்கு எழுதுகிறேன்.

எனக்கு 54 வயது. இந்த வருஷம் என் கம்பெனியில் ஆட்குறைப்பு நடந்தது, அதில் நானும் ஒருவன். வீடியோ காலில் சொன்னார்கள். சொன்ன பையன் சேர்ந்தபோது அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்ததே நான்தான். அவன் கெட்டவன் இல்லை. எழுதிக் கொடுத்ததைப் படித்தான், நடுவில் அவன் பின்னால் குழந்தை ஓடியது, மன்னிப்புக் கேட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்து மிச்சத்தைப் படித்தான்.

மனைவிதான் டிக்கெட் எடுத்தாள், எதைப் பற்றிய நாடகம் என்று அவளுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஹோவர்ட் தன் குழந்தைகளின் குரலைப் போட்டுக் காட்டிய இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். 65, 50, 40 என்று இறங்கியபோது என் மனைவி என் கையைப் பிடித்தாள். பழச்சுளையைத் தின்றுவிட்டுத் தோலை எறிகிற மாதிரி ஒரு மனுஷனை எறிய முடியாது என்று வில்லி கத்தும்போது நான் எழுந்து வெளியே போய்விடலாமா என்று பார்த்தேன். வரிசையின் நடுவில் இருந்ததால் முடியவில்லை.

பழையபெஞ்சு அண்ணா, காரணம் கிடைத்து நிம்மதி வந்துவிடும் என்றீர்கள். நான் கறுப்பினத்தவனும் இல்லை, வெள்ளையனும் இல்லை. எனக்கு ஒரு நிம்மதியும் வரவில்லை. அந்த ஆளின் தோல் நிறத்தைப் பார்த்து, 'அது அவர்கள் பிரச்சினை' என்று என்னால் தள்ளி உட்கார முடியவில்லை.

பழையபெஞ்சு:

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். வேலை சீக்கிரம் அமையட்டும். எந்த ஊர்ப் பக்கம், என்ன துறை என்று தனிமடலில் சொல்லுங்கள், தெரிந்தவர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

உங்கள் அனுபவத்தோடு நான் வாதாட மாட்டேன்.

திரைச்சீலை:

இங்கே யாரும் கறுப்பின நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சனைப் பற்றிப் பேசவில்லையே? 1996இல் பிரின்ஸ்டனில் அவர் ஆற்றிய உரை இந்த நாடகத்தின் பெயரைச் சொல்லியே கேள்வி எழுப்பியது. கறுப்பின நடிகர்களை மட்டும் வைத்து 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' போடுவது எங்கள் மனிதத்தன்மையை, எங்கள் வரலாற்றை மறுப்பதாகும் என்ற பொருளில் சொன்னார். வெள்ளையர் பண்பாட்டின் வழியாக மனிதனை ஆராய எழுதிய நாடகத்தில் எங்களை ஏன் இரவல் ஆட்களாக நிறுத்துகிறீர்கள் என்பது அவர் கோபம். சொன்னவர் சாதாரண ஆள் இல்லை. 'ஃபென்சஸ்' எழுதியவர். அதிலும் தகப்பன், விளையாட்டில் நாட்டமுள்ள மகன், வேலியிட்ட வீடு. கறுப்பினத் தகப்பனின் வீழ்ச்சியைப் பார்க்க வேண்டும் என்றால், அந்த மண்ணிலேயே முளைத்த நாடகம் இருக்கிறது.

அதுவும் இந்தப் பருவத்தில்! மூன்று தெரு தள்ளி எதெல் பேரிமோர் தியேட்டரில் வில்சனின் 'தி பியானோ லெசன்' ஓடுகிறது, சாமுவேல் எல். ஜாக்சன் நடிக்கிறார். கோல்டன் தியேட்டரில் சூசன்-லோரி பார்க்ஸின் 'டாப்டாக்/அண்டர்டாக்'. நான் மூன்றையும் பார்த்தேன். மற்ற இரண்டிலும் கறுப்பினப் பார்வையாளர்கள் சிரித்த சிரிப்பு வேறு. உள்ளிருந்து வந்த சிரிப்பு. ஹட்சனில் ஜாக்கிரதையாகச் சிரித்தார்கள்.

தேம்ஸ்கரை:

வில்சன் எதிர்த்தது நிறத்தைக் கண்டுகொள்ளாத நடிகர் தேர்வை. நடிகரின் நிறம் எதுவாக இருந்தாலும் நமக்குத் தெரியாததுபோல் இருப்போம் என்ற பாவனையை. கிராம்வெல் செய்திருப்பது நேர் எதிர்த்திசை. நிறம் தெரிய வேண்டும், தெரிந்தால்தான் காட்சி நடக்கும். லோமன் வீட்டைச் சுற்றி வெள்ளையர்கள், அதற்குள் ஒரு குடும்பம். அங்கங்கே தேவாலயப் பாட்டின் சாயலில் எழும் குரல்கள். மில்லர் எழுதிய லோமன் வீட்டில் மதமே கிடையாது. இந்த வீட்டில் இருக்கிறது.

இன்னொன்று, இதற்கு முன்னோடிகள் உண்டு. 1972இலேயே பால்டிமோர் சென்டர் ஸ்டேஜில் கறுப்பின நடிகர்களை வைத்துப் போட்டார்கள், மில்லரின் சம்மதத்தோடு. யேல் ரெபர்ட்டரியில் 2009இல் சார்ல்ஸ் எஸ். டட்டன் வில்லியாக நடித்தார். வில்சனின் நாடகங்களில் பெயர்பெற்ற நடிகரே இந்த வேடத்தை ஏற்றிருக்கிறார் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

திரைச்சீலை:

சரி, முன்னோடி உண்டு. ஆனால் ஒரு கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. 1940களில் ஒரு கறுப்பின ஆள் பாஸ்டன், பிராவிடன்ஸ் என்று வெள்ளைக்கார வியாபாரிகளிடம் 34 வருஷம் சரக்கு விற்றான் என்பதை நம்ப முடிகிறதா? எந்த ஹோட்டலில் தங்கியிருப்பான்? நாடகம் இதற்குப் பதில் சொல்வதில்லை. சொல்லும்படி எழுதப்படவும் இல்லை.

மேடைநேசன்:

நம்ப முடிகிறதா என்ற கேள்வி எனக்கும் வந்தது. ஆனால் வில்லி சொல்லும் விற்பனைக் கணக்கை எந்தத் தயாரிப்பில்தான் நம்பினோம்? 1949இலேயே அவன் சொல்வதில் பாதி இட்டுக்கட்டியது. லிண்டா கேட்கக் கேட்க 1200 டாலர் என்றது 200 ஆகச் சுருங்கும். நாடகத்துக்கு மில்லர் முதலில் யோசித்த தலைப்பே 'அவன் தலைக்குள்ளே' என்று பொருள்படுவது. ஹட்சனில் மேசை, நாற்காலி, கதவுச் சட்டம், ஜன்னல் எல்லாம் கம்பியில் அந்தரத்தில் தொங்குகின்றன, தேவைப்படும்போது இறங்கி வருகின்றன. அன்னா ஃப்ளைஷ்லேயின் மேடை அமைப்பு. அந்த வீடு அவன் நினைவில் இருக்கும் வீடு என்பது முதல் ஐந்து நிமிடத்தில் கூட்டத்துக்குப் புரிந்துவிடுகிறது.

வில்லியின் இறந்துபோன அண்ணன் பென்னாக ஆண்ட்ரே டி ஷீல்ட்ஸ் வெள்ளை உடையில் வரும்போது நிஜ மனுஷன் என்று யாரும் நினைக்கவில்லை. அவர் நுழைந்ததும் நான் போன அன்று கைதட்டல். எனக்கு அது பிடிக்கவில்லை, அந்த நேரத்தில் வில்லி மட்டுமே பார்க்கும் ஆள் அவர்.

வானம்பாடி:

கைதட்டல் என்றதும் எழுதத் தோன்றியது. முடிவில் எல்லோரும் எழுந்து நின்று தட்டுகிறார்களே, அதற்கு இப்போது என்ன அர்த்தம்? பிராட்வேயில் எந்த நாடகத்துக்கும் நிற்கிறார்கள். வில்லியின் கல்லறையில் லிண்டா, வீட்டுக் கடன் தீர்ந்தது, நாம் விடுதலை என்று அழுது முடிக்கிறாள். விளக்கு அணைந்து மூன்று நொடி ஆகவில்லை, ஒருவர் பால்கனியில் இருந்து "ஊ" என்று விசிலடித்தார். என் அம்மாவுடன் போயிருந்தேன். அம்மா எழவே இல்லை. முன்னால் நின்றவர்களின் முதுகு மேடையை மறைத்துவிட்டது, நடிகர்கள் வணங்கியதையே அவள் பார்க்கவில்லை.

லிண்டாவைப் பற்றியும் யாராவது பேசுங்கள். வில்லி அவளைப் பேசவிடாமல் அடக்கும் இடங்களில் என் வயதுப் பெண்கள் பலர் வாய்க்குள் முணுமுணுத்தார்கள். எனக்குப் பக்கத்தில் ஒருத்தி, "எழுந்து போயேன்" என்று சன்னமாகச் சொன்னாள். ஆனால் ஷாரன் டி. கிளார்க்கின் லிண்டா அடங்கிப்போகிற பெண் இல்லை. இந்த மனுஷனை யாராவது கவனித்தாக வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லும் இடத்தில் அவள் கெஞ்சவில்லை. உத்தரவு போட்டாள். எனக்குப் பக்கத்தில் இருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அம்மா ரயிலில் சொன்னது: லிண்டாவுக்கு எல்லாம் தெரியும், வில்லி தற்கொலைக்காக ஒளித்துவைத்த ரப்பர் குழாய் எங்கே இருக்கிறது என்பதுகூடத் தெரியும், தினமும் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அங்கேயே வைக்கிறாள், அவன் வெட்கப்படக்கூடாது என்று. அதைவிட யாரும் எதைச் சுமக்க முடியும் என்றாள்.

பழையபெஞ்சு:

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம்.

பெய்ஜிங் கதையையும் ஒருவர் சொல்லியாக வேண்டும். 1983இல் பெய்ஜிங் மக்கள் கலை அரங்கில் மில்லரே போய் இயக்கினார். யிங் ருவோசெங் மொழிபெயர்த்து, வில்லியாகவும் நடித்தார். அமெரிக்கர்போலத் தெரிய வேண்டும் என்று நடிகர்கள் விக்கும் மேக்கப்பும் போட்டுக்கொள்ளப் பார்த்தபோது மில்லர் தடுத்துவிட்டார். இன்சூரன்ஸும் கமிஷனும் அவ்வளவாகத் தெரியாத ஊரில் இது எடுபடுமா என்று பலருக்குச் சந்தேகம். எடுபட்டது. தன் மகன் பெரிய ஆளாக வர வேண்டும் என்று தவிக்கும் தகப்பனை அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதை நான் சொன்னால் என் வாதத்துக்கே எதிராகப் போகும், தெரியும். சீன முகத்தோடு வில்லி இருக்கலாம் என்று மில்லரே முடிவு செய்திருக்கிறார். ஆனால் பெய்ஜிங் அரங்கில் ஹோவர்டும் சீனர், சார்லியும் சீனர். எல்லோரும் ஒரே நிறம். கேள்வி திரும்பவும் தகப்பன்–மகன் என்றே நின்றது. ஹட்சனில் பிஃப் கடைசியில், நானும் மலிவுச் சரக்கு, நீயும் மலிவுச் சரக்கு என்று தகப்பனைப் பிடித்து உலுக்கும் இடத்துக்கு வருவோம். டெனஹி காலத்தில் அந்த வரி ஒரு விடுதலையாகக் கேட்டது: கனவை விடு, சாதாரண மனுஷனாக இரு. இங்கே கிரிஸ் டேவிஸ் அதைச் சொன்னபோது எனக்கு வேறு மாதிரி வலித்தது. காலங்காலமாக மலிவாக விலைபேசப்பட்ட ஒரு இனத்தின் பையன், தன் தகப்பனைப் பார்த்து அதையே சொல்கிறான். தகப்பன், நான் வில்லி லோமன், நீ பிஃப் லோமன் என்று பதிலுக்குக் கத்துகிறான். அந்த இரவில் வில்லி சொன்னதுதான் சரி என்று பட்டது. இதுவரை எந்தத் தயாரிப்பிலும் எனக்கு அப்படிப் பட்டதில்லை.

இதனால் நாடகம் மாறிவிட்டது என்றுதான் இன்னமும் சொல்வேன். மாறியது குறைந்துபோகவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

திரைச்சீலை:

அந்தக் காட்சியில் எனக்கும் தொண்டை அடைத்தது. இருந்தாலும், அந்த வலிக்குத் தேவையான வசனத்தை எழுத ஒரு கறுப்பின எழுத்தாளருக்கு இந்தப் பெரிய மேடை கிடைத்திருக்க வேண்டும் என்பதில் நான் மாறமாட்டேன்.

இலக்கியமாணவி:

எல்லோருக்கும் நன்றி. டிசம்பரில் என் அண்ணன் வீட்டுக்கு நியூயார்க் வருகிறேன், அப்போது பார்க்கலாம் என்று இருக்கிறேன். அண்ணனின் மகனுக்கு 15 வயது, அவனையும் கூட்டிப் போகலாமா? எங்கே உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும்?

மேடைநேசன்:

கூட்டிப் போங்கள், ஆனால் தற்கொலை எண்ணம் நாடகம் முழுக்க வருகிறது என்று முன்கூட்டியே அவனிடம் சொல்லிவிடுங்கள். இடைவேளையோடு சேர்த்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், வயிற்றுக்குச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கீழ்த்தளத்தின் பின்பகுதியைவிட முதல் மாடி (டிரெஸ் சர்க்கிள்) முன்வரிசை நல்லது, தொங்கும் பொருள்கள் முழுதாகத் தெரியும். இடைவேளையில் கழிவறை வரிசை நீளம், மணி அடிப்பதற்குள் திரும்பிவிடுங்கள். இரண்டாம் அங்கம் காலைச் சாப்பாட்டில் ஆரம்பித்து, உடனே ஹோவர்டின் அறைக்குப் போய்விடும். பார்த்துவிட்டு அந்தப் பையன் என்ன சொன்னான் என்று இங்கே எழுதுங்கள்.